பழைய சோல் குரலுக்கு எந்த மைக், எந்த ப்ரீஆம்ப்?

போன மாதம் ஒரு தம்பி என் அறைக்கு வந்தான். நாகர்கோவில் பக்கம் சர்ச் கொயரில் சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்தவன். ஓங்கிப் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு வருடமாகச் சேர்த்த ஒரு லட்ச ரூபாய் கையில் இருந்தது. "அண்ணே, அறுபதுகளின் சோல் பாட்டு மாதிரி என் குரல் பதிவாகணும். நியூமன் கம்பெனியின் பழைய யூ 47 மாடலில் ஒரு வால்வு மைக் வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதே வாரம், சன்னமான குரலில் பாடும் ஒரு அக்காவும் அதே மைக்கைப் பற்றிக் கேட்டார். தாராளமாக வாங்குங்கள் என்றேன்.

ஒரே மைக், ஒரே ஆசை, ஏறக்குறைய ஒரே பட்ஜெட். பதில் மட்டும் ஏன் மாறியது என்று இருவருமே கேட்டார்கள். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் சர்ச் பாட்டின் சாயலோடு வளர்த்தெடுத்த இசை. முதலில் காதுக்கு வேலை கொடுப்போம். நல்ல ஹெட்ஃபோனில் 1965-ல் வந்த ஓட்டிஸ் ரெடிங் பாட்டு ஒன்று, அதே காலத்தில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட பாட்டு ஒன்று, எழுபதுகளின் தொடக்கத்தில் அல் கிரீன் பாடியது ஒன்று, இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றையும் 'பழைய சோல்' என்றே சொல்கிறோம். ஆனால் ஓட்டிஸ் ரெடிங்கின் குரல் ஒரு அறைக்குள் நான்கடி தள்ளி நிற்கிறது. டிரம்ஸும் ட்ரம்பெட்டும் அதே காற்றில் கலந்திருக்கின்றன. அவர் ஓங்கும் இடத்தில் குரலின் ஓரம் கிழிந்தாற்போலக் கேட்கிறது. மோட்டவுன் குரல் வாத்தியங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. கார் ரேடியோவிலும் ஒரு சொல் தவறாமல் புரிய வேண்டும் என்று செய்த குரல் அது. அல் கிரீனோ நம் காதுமடலுக்குப் பக்கத்தில் இருக்கிறார், அவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கிறது.

ஆக, 'விண்டேஜ் சோல் சத்தம்' என்று ஒன்று கிடையாது, குறைந்தது மூன்று இருக்கிறது. எதை நாம் தேடுகிறோம் என்று தெரியாமல் மைக் வாங்கினால் பணம்தான் போகும்.

மூன்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். ஒன்று, உச்சியில், அதாவது கீச்சென்ற உயர் ஒலிகளில், பளபளப்பு இல்லை. இன்றைய பாட்டுகளில் குரலுக்கு மேல் 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஒரு மினுமினுப்பு பூசியிருப்பார்கள். அந்தக் காலத்து மைக், டிரான்ஸ்ஃபார்மர், டேப், இசைத்தட்டு என்று ஒவ்வொரு படியிலும் அந்த உச்சி கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கியது. குரலின் உயிர் நடுப்பகுதியில் தங்கியது. இரண்டு, சத்தம் கூடும்போது குரலின் நிறம் மாறுகிறது. மெல்லப் பாடும்போது சுத்தமாகவும், ஓங்கும்போது கொஞ்சம் கரகரப்பாகவும் ஒலிக்கிறது. பாடகரின் தொண்டை பாதி, கருவியின் திணறல் பாதி. அந்தத் திணறல் பெரும்பாலும் ப்ரீஆம்பில், அதாவது மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் கருவியில், நடப்பது. அதனால்தான் பணத்தையெல்லாம் மைக்கிலேயே கொட்டாதே என்று தம்பியிடம் சொன்னேன்.

டெட்ராய்ட்டும் மெம்பிஸும்

மெம்பிஸ் நகரில் ஈஸ்ட் மெக்லிமோர் அவென்யூவில் இருந்த ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ, அதற்கு முன் ஒரு சினிமா தியேட்டர். நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், தரையின் சரிவு அப்படியே இருந்தது. கன்ட்ரோல் ரூம் இருந்தது பழைய மேடை மேல். ஆரம்ப வருடங்களில் அங்கே ஓடியது ஒற்றை ட்ராக் டேப் மெஷின். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று பாடி வாசிக்க வேண்டும், பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. ஓட்டிஸ் ரெடிங்கின் மூன்றாவது ஆல்பத்தின் பெரும்பகுதி 1965 ஜூலையில் இரண்டே நாளில் இப்படிப் பதிவானது. அந்தக் குரலைச் சுற்றி டிரம்ஸ் கேட்கிறது என்றால், குரல் மைக்குக்குள் டிரம்ஸ் நிஜமாகவே புகுந்தது என்று பொருள்.

டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டு 2648 என்ற முகவரியில் இருந்த வீட்டில் மோட்டவுன் வேறு மாதிரி வேலை செய்தது. மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கார்டி 1959-ல் வாங்கிய வீடு அது. பின்பக்கத்தில் ஸ்டூடியோ, மேலே பரணில் எதிரொலி சேர்க்கும் எக்கோ சேம்பர். அறுபதுகளின் நடுவிலேயே அவர்களிடம் எட்டு ட்ராக் மெஷின் வந்துவிட்டது. வாத்தியங்களை முதலில் முடித்துவிட்டு, குரலைத் தனியாக நிதானமாகப் பதிந்தார்கள். அங்கே குரலுக்கு முக்கியமாக நின்ற மைக்குகளில் ஒன்று நியூமன் யூ 47.

இந்த வேறுபாட்டுக்கும் நம் தேர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாம் வீட்டில் பதிவு செய்வது டெட்ராய்ட் முறைப்படிதான்: ஹெட்ஃபோனில் ட்ராக் ஓடும், குரல் தனியாகப் போகும். ஆனால் நம்மில் பலர் ஆசைப்படுவது மெம்பிஸ் சத்தத்துக்கு. முறை ஒன்று, ஆசை இன்னொன்று. அந்த இடைவெளியை மைக், தூரம், ப்ரீஆம்ப் மூன்றும் சேர்ந்துதான் அடைக்க முடியும்.

வால்வு கண்டென்சர்

கண்டென்சர் என்பது மின்னூட்டிய மெல்லிய சவ்வால் குரலை நுணுக்கமாகப் பிடிக்கும் மைக். வால்வு என்பது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய். யூ 47 வந்தது 1949-ல். ரேடியோவுக்காக டெலிஃபங்கன் செய்த விஎஃப்14 என்ற வால்வு அதற்குள் இருந்தது. அந்த வால்வின் உற்பத்தி ஐம்பதுகளிலேயே நின்றுபோக, 1965-ல் மைக்கும் நின்றது. இன்று அசல் ஒன்று நல்ல நிலையில் 10,000 டாலருக்குக் குறைந்து கிடைக்காது. அதன் குணத்தை ஒரு சொல்லில் சொல்வதானால் 'கனம்'. அடிப்பகுதியும் நடுப்பகுதியும் தடிமனாக வரும், உச்சி இருக்கும் ஆனால் குத்தாது. மெலிந்த சாரீரம் உள்ளவர்களைக்கூட அது சதை போட வைக்கும்.

இன்று இதன் பெயரைச் சொல்லி விற்கும் நகல்கள் பல இருக்கின்றன. வார்ம் ஆடியோவின் டபிள்யூஏ-47 போன்றவை 900 டாலர் அளவில் கிடைக்கின்றன. இங்கே வரும்போது வரியும் சேரும். இவற்றில் நன்றாக இருப்பவை உண்டு என்பதைக் கேட்டே சொல்கிறேன். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது வால்வு இருக்கிறதா என்பதை அல்ல, காப்ஸ்யூல், அதாவது குரலை வாங்கும் சவ்வுப் பகுதி, எந்த வகை என்பதை.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. நியூமன் 1960-ல் யூ 67 என்ற மைக்கைக் கொண்டுவந்தது. அதன் காப்ஸ்யூல் கே67, இயல்பிலேயே உச்சியைத் தூக்கிக் கொடுக்கும். அதைத் தெரிந்தே செய்தார்கள். மைக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட் அந்த உச்சியைத் திரும்ப இறக்கிவிடும், வெளியே வரும்போது சமமாக இருக்கும். இன்று மலிவாக வரும் பெரிய கண்டென்சர்கள் பலவற்றில் இந்த கே67 வகைக் காப்ஸ்யூல் இருக்கிறது, ஆனால் இறக்கும் சர்க்யூட் இல்லை. விளைவு, 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறல். அதற்குள் ஒரு வால்வைச் செருகி மரப்பெட்டியில் வைத்து 'விண்டேஜ்' என்று விற்றாலும் சீறல் சீறல்தான். சோல் குரலுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத மைக் எனக்குத் தெரியாது. வாங்குவதானால் கே47 வகைக் காப்ஸ்யூல் உள்ளதை வாங்குங்கள். வால்வு இல்லாத 47 வகை கூடப் பரவாயில்லை.

இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். சென்னையில் நவம்பர் மாதத்தில் என் முதல் கண்டென்சர் படபடவென்று பொரியத் தொடங்கியது. ஒரு டேக்கின் நடுவில், அருமையாகப் பாடிக்கொண்டிருந்தபோது. காப்ஸ்யூலைச் சுற்றியுள்ள சர்க்யூட்டில் ஈரம் படிந்தால் மின்சாரம் கசியும், அதுதான் பொரிகிற சத்தம். அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில்தான் வைக்கிறேன். கண்டென்சர் வாங்குகிறவர்கள் டப்பாவையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ரிப்பன்

இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொங்கும் ஒரு அலுமினியத் தகடு. அதன் தடிமன் 2 மைக்ரான் அளவு, முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. காற்று அசைந்தால் அது அசையும், அந்த அசைவே மின்சாரம். ஆர்சிஏ நிறுவனத்தில் ஹாரி ஓல்சன் முப்பதுகளில் வளர்த்தெடுத்த வகை இது. ஆர்சிஏ 44, பிறகு 1954-ல் வந்த 77-டிஎக்ஸ் இரண்டையும் பழைய படங்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மாத்திரை வடிவத்தில் இருப்பது 77. மெம்பிஸ் ஸ்டூடியோக்களில் சாதாரணமாகப் புழங்கியது.

ரிப்பனின் உச்சி மெதுவாகச் சரிந்து இறங்கும். அதனால் ஓங்கிப் பாடும் குரல் எவ்வளவு கத்தினாலும் காதைக் கிழிக்காது. டேப்பும் இசைத்தட்டும் செய்த வேலையில் பாதியை மைக்கே செய்துவிடுகிறது. பிற்பாடு ட்ரெபிள் ஏற்றினாலும் அழகாக ஏறும், இதை நான் வேறு எந்த வகையிலும் பார்த்ததில்லை.

எட்டு வடிவில் கேட்கும் என்பது இன்னொரு குணம். முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் செவிடு. ஒரே அறையில் டிரம்ஸோடு பாட வேண்டும் என்றால், டிரம்ஸை மைக்கின் பக்கவாட்டில் வைத்துவிட்டால் போதும், நிறையக் குறையும். தனியாகப் பதிபவர்களுக்கு இது சிக்கலும்கூட, ஏனென்றால் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலி நேராக உள்ளே வரும். நான் மைக்குக்குப் பின்னால் இரண்டு தடித்த ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிடுகிறேன்.

வாங்குவதற்கு: ஏஇஏ ஆர்84, ராயர் ஆர்-121 எல்லாம் நல்லவை, விலையும் அதற்கேற்றபடி. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பேயர்டைனமிக் எம்160-இடம். 1957-லிருந்து செய்கிறார்கள், இன்றும் 700 டாலர் அளவில் கிடைக்கிறது. இரட்டை ரிப்பன், எட்டு வடிவம் இல்லாமல் முன்பக்கம் மட்டும் குறுகலாகக் கேட்கும். சரியாகக் கவனிக்கப்படாத சின்ன அறைக்கு இதைவிட நல்ல ரிப்பன் கிடைப்பது கஷ்டம்.

ரிப்பன் மைக்கை ஒருபோதும் ஊதிப் பார்க்காதீர்கள். பழைய ரிப்பன்களுக்கு ஃபேன்டம் பவர் (ப்ரீஆம்பிலிருந்து கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட வேண்டாம். கேபிளில் ஒரு தப்பு இருந்தாலும் தகடு இழுபட்டுப் போகும்.

டைனமிக்

மேடையில் கையில் பிடித்துப் பாடும் உறுதியான மைக்குகள் பெரும்பாலும் டைனமிக் வகை. ஷூர் எஸ்எம்57 வந்த வருடம் 1965, எஸ்எம்58 அடுத்த வருடம். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 அறுபதுகளின் கடைசியில். அன்றைய பெரிய ஸ்டூடியோக்களில் லீட் குரலுக்கு இவைதான் நின்றன என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பின்னாளில் திரும்ப உருவாக்கியவர்களில் முக்கியமானவர், ப்ரூக்ளினில் டாப்டோன் ரெக்கார்ட்ஸ் நடத்திய கேப்ரியல் ராத், மலிவான மைக்குகளை வெளிப்படையாக ஆதரித்தவர். எட்டு ட்ராக் டேப்பில், ஒரு பழைய வீட்டில், பாடகி ஷாரன் ஜோன்ஸை வைத்து அவர்கள் செய்த பதிவுகளைக் கேட்டால் மைக்கின் விலைக்கும் அந்தச் சத்தத்துக்கும் எவ்வளவு குறைந்த தொடர்பு என்று புரியும்.

டைனமிக்கை வாய்க்கு ஒட்டிப் பிடித்துப் பாடினால் மேடைக் குரல் வரும். அதையே 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று ஓங்கிப் பாடிப் பாருங்கள். அடிப்பகுதி மெலியும், நடுப்பகுதி முன்னால் வரும், அறை கொஞ்சம் சேரும். பழைய தட்டின் வாசனை அதில் அடிக்கத் தொடங்கும்.

ப்ரீஆம்ப்: திணற வேண்டிய இடம்

ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். யூ 47 வகை மைக் ஒன்று, அதே சத்தத்துக்கு ஒரு ரிப்பனைவிடப் பத்து மடங்கு வோல்டேஜ் தரும். அறுபதுகளின் ப்ரீஆம்ப்கள் அவ்வளவு வலுவான சிக்னலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. பாடகர் ஓங்கியதும் உள்ளே நுழையும் டிரான்ஸ்ஃபார்மர் நிறைந்துவிடும், வால்வில் ஒலி அலையின் முகடு தட்டையாகும். குரலில் இல்லாத புதிய ஒத்திசைகள் மேலே முளைக்கும். அது நாம் 'கிழிசல்' என்று கேட்பது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, மீட்டர் சிவப்பில் போனபோதும் பாட்டு நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

ஆம்பெக்ஸ் டேப் மெஷின்களின் சொந்த ப்ரீஆம்ப்கள், ஆல்டெக் 1567ஏ என்ற ஐந்து சானல் வால்வு மிக்ஸர், இன்ஜினியர் பில் புட்னம் 1960 வாக்கில் உருவாக்கிய 610 கன்சோல், இவைதான் அந்த வழியின் பெரிய பெயர்கள். 610-ஐ யுனிவர்சல் ஆடியோ தனி ப்ரீஆம்பாக இப்போதும் விற்கிறது. ஆல்டெக் போன்ற பழைய பெட்டியைத் தேடி வாங்கலாம் என்று நினைப்பவர்கள், அதைப் பிரித்துக் கெப்பாசிட்டர் மாற்றித் தரக்கூடிய ஆள் தெரிந்திருந்தால் மட்டும் இறங்குங்கள். அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, உள்ளே உயர் வோல்டேஜ். பழகாத கை அதில் படக் கூடாது.

அடுத்தது நீவ் 1073 வகை. 1970-ல் வந்தது, வால்வு இல்லை, டிரான்சிஸ்டரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களும். சரித்திரப்படி இது அறுபதுகளின் மெம்பிஸ் சத்தம் இல்லை. ஆனாலும் கெயினை (பெருக்கும் அளவை) ஏற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் திணறி ஒரு தடிமனான கரகரப்பு வரும், சோல் குரலுக்கு அது நன்றாகவே உட்காருகிறது. கோல்டன் ஏஜ் ப்ரீ-73, வார்ம் டபிள்யூஏ73 போன்ற நகல்கள் கையில் உள்ள பணத்துக்குள் வருபவை. ஏபிஐ வகை இதைவிடச் சுறுசுறுப்பானது, முன்னால் குத்தும். டிரம்ஸுக்கு அருமை. குரலுக்கு எனக்கு அது கொஞ்சம் இறுக்கம்.

எதை வாங்கினாலும் ஒரே ஒரு சோதனை: ப்ரீஆம்பில் இரண்டு திருகு இருக்கிறதா? உள்ளே வருவதை ஏற்றும் கெயின் ஒன்று, வெளியே போவதைக் குறைக்கும் அவுட்புட் ஒன்று. இரண்டும் இருந்தால் உள்ளே திணறவிட்டு, வெளியே அளவோடு இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிக்கு) அனுப்பலாம். ஒரே திருகுதான் என்றால், ப்ரீஆம்ப் திணறுவதற்கு முன்பே இன்டர்ஃபேஸ் நிரம்பி வெடித்துவிடும். டிஜிட்டலில் வெடிப்பது பழைய சத்தம் இல்லை, அது வெறும் உடைசல்.

ரிப்பன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ப்ரீஆம்பின் உள்நுழை ஓம் குறைவாக இருந்தால் ரிப்பனின் அடிப்பகுதி மெலியும். 1073 வகைகளில் 300, 1200 என்று மாற்றும் பொத்தான் இருக்கும். 1200-ல் வைத்து ஆரம்பியுங்கள். குரல் வீங்கிக் கேட்டால் 300-க்கு மாற்றிப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும், ஈக்யூ தொட வேண்டியதில்லை.

வெறும் இன்டர்ஃபேஸ் போதாதா? இன்றைய இன்டர்ஃபேஸ் ப்ரீஆம்ப்கள் சுத்தமானவை, அமைதியானவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நமக்கு வேண்டிய திணறல் அவற்றில் இல்லை, பின்னால் கம்ப்யூட்டரில் ப்ளக்இன் என்ற மென்பொருள் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். யுனிவர்சல் ஆடியோ வோல்ட் இன்டர்ஃபேஸ்களில் 610-இன் நிறத்தைச் சேர்க்கும் 'விண்டேஜ்' பொத்தான் இருக்கிறது. முதல் முறை வாங்குபவர்களுக்கு நியாயமான வழி. ஆனால் பாடும்போதே ஹெட்ஃபோனில் அந்தக் கரகரப்பைக் கேட்டால் பாடகர் பாடும் விதமே மாறுகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கே ஓங்கலாம், எங்கே விடலாம் என்று குரல் கருவியோடு பேச ஆரம்பிக்கும். பின்னால் சேர்க்கும் ப்ளக்இன்னில் அது கிடைக்காது.

இரண்டு மாலைகள்

தம்பியை ஒரு மாலை உட்காரவைத்து, ஒரே பாட்டை நான்கு மைக்கில் பாடச் சொன்னேன். ஒரு மலிவான பெரிய கண்டென்சர், நண்பரிடம் இரவல் வாங்கிய 47 வகை வால்வு மைக், எம்160, எஸ்எம்57. ப்ரீஆம்பாக இன்டர்ஃபேஸ், 73 வகை (நீவ் 1073-இன் நகல்) ஒன்று, 610 வகை வால்வு ஒன்று.

மலிவான கண்டென்சரில் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டோம். டைல்ஸ் தரையின் எதிரொலி வரை எல்லாம் உள்ளே வந்தது. 47 வகையில் சரணம் அழகாக இருந்தது, குரல் பெரிதாக, வெண்கலம் போல. பல்லவியை எட்டி ஓங்கியதும் அறை மொத்தமும் சேர்ந்து பாடியது. சத்தமான குரலும் கூர்மையான காதும் சின்ன அறையில் ஒத்துப்போகவில்லை.

எம்160-ஐ 73-இல் செருகினேன். ரிப்பனுக்கு நிறைய கெயின் வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். அது மெல்லப் பாடுபவர்களுக்குத்தான் பிரச்சினை. இந்தத் தம்பிக்கு 40 டெசிபல் கெயினே தாராளம். ஓங்கிய இடங்கள் தடித்து, வட்டமாக வந்தன. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம் எஸ்எம்57, வால்வு ப்ரீஆம்ப், கெயின் பாதிக்கு மேல், அவுட்புட் குறைவாக, வாய்க்கும் மைக்குக்கும் ஒன்றரைச் சாண் தூரம். முதல் பிருகாவிலேயே தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மெல்லிய இடம் சுத்தமாக இருந்தது, ஓங்கிய இடத்தில் ஓரம் கிழிந்தது, திரும்ப இறங்கியதும் கிழிசலும் இறங்கியது. தனியாகக் கேட்டால் எம்160-தான் மேல். பேஸ் கிட்டாரும் ஆர்கனும் சேர்ந்த பிறகு 57 உட்கார்ந்த விதம் வேறு. அடிப்பகுதி மெலிந்திருந்ததால் பேஸுக்கு இடம் கிடைத்தது.

அக்காவுக்கு வேறு கதை. அவர் பாடுவது அல் கிரீன் வழி. மெம்பிஸில் ராயல் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் வில்லி மிட்செல் செய்த பெரிய காரியமே, ஓங்கிப் பாட வந்த அல் கிரீனை மெல்லப் பாட வைத்ததுதான். அங்கே அல் கிரீனுக்கென்று இருந்த மைக்கை அதன் எண்ணைச் சொல்லி 'ஒன்பது' என்றே அழைத்தார்கள். குரல் மெலிந்து மைக்குக்கு நெருங்கியபோதுதான் அந்த அந்தரங்கம் வந்தது.

மெல்லிய குரலுக்கும் ஓங்கிய குரலுக்கும் இடையில் 30 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். அக்காவின் குரலுக்கு எம்160-ஐ இன்டர்ஃபேஸில் போட்டபோது மூச்சுக்கு இணையாக இரைச்சல் கேட்டது. 73-இல் இரைச்சல் குறைந்தது, ஆனால் குரல் போர்வைக்குள் இருப்பது போல. எஸ்எம்57-இல் சொற்கள் வறண்டு போயின. 47 வகையை 12 சென்டிமீட்டரில், வாய்க்குச் சற்று மேலே வைத்து, 73-ஐத் திணறவிடாமல் பதிந்தோம். நெருக்கமாகப் பாடியதால் அறை உள்ளே வரவில்லை. சன்னக் குரலுக்குச் சதை கிடைத்தது. அவருக்கு வால்வு கண்டென்சர் சரி என்று நான் சொன்னது இதனால்தான். அவர் முதலில் மைக்கை வாங்கட்டும், ப்ரீஆம்ப் அடுத்த வருடம் வரட்டும். கண்டென்சர் தரும் வலுவான சிக்னலுக்கு இன்டர்ஃபேஸே இப்போதைக்குப் போதும்.

தம்பிக்கு வரிசை நேர் எதிர். பத்தாயிரம் ரூபாய் அளவில் ஒரு எஸ்எம்57, மீதியில் இரண்டு திருகு உள்ள ப்ரீஆம்ப் ஒன்று. மிச்சம் சேரும்போது எம்160.

மோட்டவுன் வழியை விரும்புகிறவர்கள் அக்காவின் வரிசையை எடுத்துக்கொண்டு, மிக்ஸிங்கில் ஒரு வேலை செய்யலாம். குரல் ட்ராக்கை இரண்டாக்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதைச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரில் பலமாக அழுத்தி, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ட்ரெபிளை நன்றாக ஏற்றி, முதலாவதற்கு அடியில் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். மெல்லிய சொற்கள் மேலே வரும், ஓங்கிய இடம் இயல்பாகவே இருக்கும். மோட்டவுன் இன்ஜினியர்கள் செய்த வித்தை இது, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். எக்கோவுக்குப் ப்ளேட் அல்லது சேம்பர் வகை ப்ளக்இன் ஒன்று போதும், ஆனால் அதன் உச்சியை வெட்டிவிடுங்கள்.

தம்பி ப்ரீஆம்புக்கு ஆர்டர் போட்டுவிட்டான். பெட்டி வந்ததும் செருகாதே, பின்பக்கம் இருக்கும் 115/230 வோல்ட் சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.